உள் துளை

நுன்ஸியோ வருவதற்கு முன்னால், மேனரிங் யார்டில் ஒரு வேகனுக்குச் சக்கரம் மாற்றி அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் அவன் வந்த பிறகு இதைச் சொல்ல வேறு யாரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

எங்கள் ஊரில் இரண்டு ரயில் பாதைகள் வந்து முட்டிக்கொள்கின்றன. போர்ட் பிரியிலிருந்து புரோக்கன் ஹில் போவது பெரிய லைன். கோதுமை வயல்களுக்கு நடுவே வடக்கே போவது சின்ன லைன், தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றரை அடிதான். பெரிய லைனில் வந்த வேகன் சின்ன லைனில் ஓடாது. அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாக இறக்கி மறு வேகனில் ஏற்றுவார்கள். இப்போது வேகனையே நாலு ஜாக்கி வைத்துத் தூக்கிவிடுகிறோம். அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரச் சட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் நாலு சக்கரம். பெரிய லைன் சட்டங்களை உருட்டி வெளியே தள்ளுவோம், சின்ன லைன் சட்டங்களை உள்ளே உருட்டுவோம், வேகனை அவற்றின் மேல் இறக்குவோம். பிரேக் கம்பிகளை மாட்டினால் வேலை முடிந்தது. மேலே இருக்கிற சிமெண்டு மூட்டைக்குத் தன் காலை மாற்றினார்கள் என்றே தெரியாது.

வேகனுக்கு அடியில் போவது பல வருஷம் என் வேலையாக இருந்தது. என் முழங்கால்கள் சத்தம் போட ஆரம்பித்ததும் என்னை வெளியே எடுத்து, ஜாக்கிக்காரர்களுக்குத் தூக்கு, இறக்கு என்று கை காட்டும் இடத்தில் நிறுத்தினார்கள். கௌரவமான இடம் என்று ஃபோர்மேன் நோஸ்கி சொன்னார். அடியில் போக மெல்போர்னிலிருந்து ஆள் வந்தான். அதுதான் நுன்ஸியோ. அங்கே இதே வேலையை நாலு வருஷம் பார்த்தவன். முப்பத்திரண்டு வயது, இத்தாலிக்காரன், முழங்காலில் ஒரு சத்தமும் கிடையாது.

முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பத்து டன் வேகன் அந்தரத்தில் நிற்கும்போது, அடியில் இருக்கிற சக்கரச் சட்டத்தைக் கடப்பாரையால் நெம்பி, வேகனின் நடு முளை சட்டத்தின் நடுக்குழிக்கு நேராக வரும்படி நிறுத்த வேண்டும். நான் ஐந்து தடவை நெம்புவேன், ஆறு தடவை நெம்புவேன். அவன் ஒரு தடவை நெம்பினான், பின்வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், இரண்டு கைகளையும் விரித்து என்னிடம் காட்டினான். கை இரண்டும் வெளியே இருக்கிறது, இறக்கலாம் என்று அர்த்தம். இறக்கினேன். முளை குழியில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டு ஜாக்கிக்காரர்கள் கை தட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு ஒருவனும் கை தட்டியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான் ஒரு வேகனுக்குப் பதினாறு நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் பதினொன்றில் முடித்தான். தேநீர் இடைவேளையில் அவன் மனைவி ரொசாரியா எண்ணெயில் போட்டுக் கொடுத்த கத்தரிக்காயை வைத்துக்கொண்டு உட்காருவான், எல்லோரும் அவனைச் சுற்றி உட்காருவார்கள். கத்தரிக்காயை முகர்ந்துகூடப் பார்க்காத ஊர் இது. இரண்டே மாதத்தில் ஆளுக்கொரு ரொட்டித் துண்டோடு வரிசையில் நின்றார்கள். என் டப்பாவில் இருந்த, மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட பாஸ்டியை எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. அவன் என்னைத் 'தலைவரே' என்று கூப்பிடுவான். கேலியாகத்தான் கூப்பிடுகிறான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். மரியாதையாகக் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேலியாகத்தான் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அவன்தான். என் மனைவி டல்ஸி சர்ச்சில் ரொசாரியாவோடு சிநேகமாகிவிட்டாள். நுன்ஸியோ வீட்டில் தக்காளிக்குப் பந்தல் போட்டிருக்கிறானாம், நுன்ஸியோ குழந்தைக்குத் தானே கட்டில் செய்தானாம். ஒரு நாள் ஆட்டுக்கறித் துண்டை வெட்டிக்கொண்டே, நம் வீட்டுக் கொல்லைக் கதவு மூன்று வருஷமாகத் தொங்குகிறதே, நுன்ஸியோவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று கேட்டாள். நான் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துபோய் இருட்டும்வரை கதவைச் சரிசெய்தேன். மறுநாள் காலை அது திறக்கவேயில்லை. டல்ஸி முன்வாசல் வழியாகச் சுற்றிப்போய்த் துணி காயப்போட்டாள்.

இதெல்லாம் சில்லறை விஷயம். நவம்பர் பிறந்ததும்தான் உண்மையான விஷயம் வந்தது. ஃபோர்மேனுக்கு அடுத்தபடியாக எங்கள் குழுவை நடத்தும் சார்ஜ்மேன் வருஷக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார், அந்த இடம் உனக்கு அல்லது நுன்ஸியோவுக்கு என்று நோஸ்கி என்னிடம் சொன்னார். கிறிஸ்துமஸுக்குள் பெயரை எழுதி அனுப்ப வேண்டுமாம். நோஸ்கி நேர்மையான ஆள். அதனால்தான் எனக்குப் பயம். வேறு யாராக இருந்தாலும் இருபத்திரண்டு வருஷத்தைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். நோஸ்கி வேலையைப் பார்த்துக் கொடுப்பார்.

அன்றிலிருந்து நான் நுன்ஸியோவின் வேலையில் குறை தேட ஆரம்பித்தேன். கை காட்டிவிட்டு, யாரும் கேட்காமலே குனிந்து அவன் மாட்டிய பின்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பொறுப்பான மனுஷன் என்று ஜாக்கிக்காரர்கள் நினைத்திருப்பார்கள். ஆறு வாரம் குனிந்து குனிந்து இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

டிசம்பர் இரண்டாவது வியாழக்கிழமை காற்று வடக்கிலிருந்து அடித்தது. காலை பத்து மணிக்கே நூற்றைந்து டிகிரி. வெளியில் எங்கேயும் தீ மூட்டக்கூடாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அறுவடை பாதிதான் முடிந்திருந்தது. டல்ஸியின் அண்ணன் ஆல்வினுடைய கோதுமை எட்டாவது மைலில் சின்ன லைனுக்கு இரண்டு பக்கமும் அறுக்காமல் நின்றது. அறுவடை இயந்திரத்தின் பெல்ட் அறுந்து, புது பெல்ட் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

எங்களுக்கு அன்று ஒன்பது வேகன். எல்லாம் பெரிய லைனில் வந்து சின்ன லைனுக்குப் போகிறவை. எனக்கு ஒரு யோசனை வந்தது. கை காட்டுகிறவன் வேகமாகக் காட்டினால் அடியில் இருப்பவன் ஓடியாக வேண்டும். ஓட ஓட மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் நோஸ்கி பார்ப்பார். அதனால் நான் தூக்கு, இறக்கு, அடுத்தது என்று விரட்டினேன். அவன் ஈடுகொடுத்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு வேகன், பிறகு ஒன்பதரை. என் கைதான் வலித்தது.

ஆறாவது, சிமெண்டு வேகன். வேகனை இறக்கியாயிற்று. நுன்ஸியோ படுத்தபடி பிரேக் கம்பியை மாட்டிப் பின்னைப் போட்டு, பின் கழன்று விழாமலிருக்க அதன் நுனியில் கம்பியை வளைத்துவிட்டு அடுத்த பக்கம் ஊர்ந்தான். நான் வழக்கம்போல் குனிந்தேன். குனிந்தவன் அப்படியே நின்றேன்.

பிரேக் நெம்புகோலில் இரண்டு துளைகள் இருக்கும். பெரிய லைன் சக்கரத்துக்கு வெளித் துளை, சின்ன லைன் சக்கரத்துக்கு உள் துளை. மெல்போர்னில் அவன் வேலை பார்த்த இடத்தில் வந்து முட்டும் இரண்டு பாதைகளும் அகலமானவை, இந்த மூன்றரை அடி லைன் கிடையாது. அங்கே எல்லா வேகனுக்கும் வெளித் துளைதான். நாலு வருஷம் வெளித் துளையில் போட்டுப் பழகிய கை அது. இங்கே வந்து ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் உள் துளையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான் விரட்டிய விரட்டலில் யோசிக்க நேரமில்லாமல் கை பழைய இடத்துக்குப் போய்விட்டது. வெளித் துளையில் போட்டால், வேகன் நிற்கும்போது பார்த்தால் பிரேக் கட்டை சக்கரத்தை விட்டு ஒரு விரல் விலகித்தான் இருக்கும், ரயில் கிளம்புமுன் சுற்றிப் பார்க்கும் பரிசோதகர் கண்ணில் படாது. ஓட ஆரம்பித்து ஆட்டம் கண்டதும் ஒட்டிக்கொண்டு தேய்ந்து சூடேறும்.

என் மனசு குளிர்ந்துபோனது. அந்த வெயிலில், அந்தக் காற்றில், குளிர்ந்தது. ஆறு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை யாரோ கையில் கொடுத்ததுபோல இருந்தது.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், என்னை முழு அயோக்கியன் என்று நினைக்க வேண்டாம். நுன்ஸியோ அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டி, "என்ன தலைவரே, கை வலிக்குதா? மெதுவா காட்டுங்க, நான் எங்கேயும் ஓடிடமாட்டேன்" என்றான். ஜாக்கிக்காரர்கள் நாலு பேரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். வேகனை எடுத்துப் போகலாம் என்று கை காட்டினேன்.

என் கணக்கு இதுதான். பத்தாவது மைல் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது சூடான சக்கரத்தை கார்டு கண்டுபிடிப்பார். வேகனைக் கழற்றிப் போடுவார்கள், நுன்ஸியோ பெயரில் புகார் எழுதுவார்கள், நோஸ்கி அதைப் படிப்பார். காற்றைப் பற்றி நான் நினைக்கவேயில்லை என்று பிறகு டல்ஸியிடம் சொன்னேன். பொய். கழுத்துப் பின்னால் சுட்டுக்கொண்டிருந்த காற்றை எப்படி நினைக்காமல் இருக்க முடியும்? கார்டு பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

முதல் ஆறு வேகன்களோடு ரயில் ஒன்றேகாலுக்குக் கிளம்பியது. ஏழாவதையும் இறக்கியாகிவிட்டது, நுன்ஸியோ பின் மாட்டும்வரை எனக்குக் கை காட்டும் வேலை இல்லை. நான் என் பாஸ்டியை எடுத்துக்கொண்டு கொட்டகை நிழலில் உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. பாதி சாப்பிட்டபோது ஆல்வினின் பெல்ட் ஞாபகம் வந்தது. மீதியைச் சாப்பிட முடியவில்லை. போய் நோஸ்கியிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன். ஆனால் என்ன சொல்வது? இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றா? பார்த்தபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்? கையெல்லாம் கிரீஸ், கழுவிக்கொண்டு போகலாம் என்று குழாய்க்குப் போனேன். சோப்புப் போட்டேன். நகத்தையெல்லாம் தேய்த்தேன். என் ஆயுளில் என் கை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அப்போது யார்டின் குறுக்கே ஒருவன் தொப்பியில்லாமல் ஓடினான். நுன்ஸியோ. ஏழாவது வேகனுக்குப் பின்னை எடுத்து உள் துளைக்குக் கொண்டுபோனபோதுதான், போன வேகனில் கையை இவ்வளவு உள்ளே நீட்டவில்லையே என்று அவனுக்கு உறைத்திருக்கிறது. நான் ஆபீஸ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் நோஸ்கியின் மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"சிமெண்டு வேகன்ல பின்னைத் தப்பான துளையில போட்டுட்டேன். நான்தான் போட்டேன். ரயிலை நிறுத்துங்க" என்றான்.

நோஸ்கி ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தார். ரயில் ஐந்தாவது மைலைத் தாண்டிவிட்டிருந்தது, அடுத்து போன் இருப்பது பத்தாவது மைலில்தான். அதனால் வழியில் இருக்கும் பண்ணை வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தார். லைன் ஓரத்தில் போய்ப் பாருங்கள், தண்ணீர் வண்டியை எடுங்கள் என்றார். ஆல்வின் வீட்டுக்கும் போன் செய்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக வடக்கே புகை தெரிந்தது. முதலில் வெள்ளையாக, பிறகு பழுப்பாக.

எல்லோரும் லாரியில் ஏறினோம். நுன்ஸியோ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், சாக்குகளைத் தண்ணீர் டிரம்மில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தான்.

சிவந்துபோன பிரேக் கட்டையிலிருந்து பறந்த பொறி லைன் ஓரப் புல்லில் விழுந்து, வேலியைத் தாண்டி ஆல்வினின் கோதுமைக்குள் போயிருந்தது. போன் வந்ததால் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தண்ணீர் வண்டிகளோடு முன்கூட்டியே வந்துவிட்டார்கள். ஒருவர் டிராக்டரால் குறுக்கே உழுது மண்ணைப் புரட்டிக்கொண்டு போனார். நாங்கள் ஈரச் சாக்கால் அடித்தோம். நுன்ஸியோவின் புருவம் ஒரு பக்கம் கருகிப்போனது. என் முழங்கால்கள் மண்டிபோடச் சொல்லிக் கெஞ்சின, நான் விடவில்லை. அன்று நான் யாருக்கும் குறைவாக அடிக்கவில்லை. சொன்னால் சொல்லிக்காட்டுவதுபோல இருக்கும், ஆனாலும் உண்மை அதுதான்.

ஐந்து மணிக்குக் காற்று தெற்கே திரும்பி அடங்கியது. நாற்பது ஏக்கர் போயிருந்தது. நூற்றறுபது பிழைத்தது. கருத்த மண்மேல் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். டல்ஸி ரொட்டியும் பெரிய கெட்டிலில் தேநீரும் எடுத்துக்கொண்டு வந்தாள். நோஸ்கி தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆல்வினிடம் போய் நடந்ததைச் சொன்னார். யார் தப்பு என்பதையும், அந்த ஆளே ஓடிவந்து சொன்னதால்தான் போன் வந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் ஆல்வினையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபக்காரன். ஆட்டுச் சந்தையில் ஒருவன் மூக்கை உடைத்தவன். நுன்ஸியோவும் அதை எதிர்பார்த்துத்தான் சாக்கைக் கீழே போட்டுவிட்டு நேராக நின்றான்.

ஆல்வின் அவன் முன்னால் போய் நின்று கையை நீட்டினான்.

"இருபத்தஞ்சு வருஷத்துல இந்த லைன் என் வயலை மூணு தடவை கொளுத்தியிருக்கு" என்றான். "நான்தான் பண்ணேன்னு என் வேலியாண்ட வந்து நின்ன முதல் ஆளு நீதான்யா."

நுன்ஸியோ கையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருவர் அவன் தோளைத் தட்டினார். டிராக்டர்க்காரர் தன் தேநீரை அவனுக்குக் கொடுத்தார். டல்ஸி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கொல்லைக் கதவை நான் ஒழுங்காகச் சரிசெய்திருந்தால்கூட எனக்கு அப்படி ஒரு பார்வை கிடைத்திருக்காது. சார்ஜ்மேன் இடத்துக்கு யார் பெயரை எழுதப்போகிறார் என்பது நோஸ்கியின் முகத்தில் எழுதியிருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. வயலைக் கொளுத்தியவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எதற்காக? உண்மையைச் சொன்னானாம். ஒரு உண்மை சொன்னதற்கு இவ்வளவா? என்னிடமும் ஒரு உண்மை இருந்தது, அவனுடையதைவிடச் சொல்லக் கஷ்டமானது. அந்தக் கைகுலுக்கலில் எனக்கும் பங்கு வரவேண்டும் என்று தோன்றியது. சத்தியமாக அதை மட்டும்தான் நினைத்தேன். மனசாட்சி உறுத்தியதால் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை.

"நானும் பார்த்தேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "பின் வெளித் துளையில இருந்ததை நான் பார்த்தேன். நானும் உண்மையைச் சொல்லிடுறேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. டல்ஸி கையில் கெட்டிலோடு அப்படியே நின்றாள். ஆல்வின் என்னைப் பார்த்தான், பிறகு லைனைப் பார்த்தான். யாரும் கையை நீட்டவில்லை.

நுன்ஸியோதான் பேசினான். அவன் குரலில் கோபம் இல்லை, வேகனுக்கடியிலிருந்து ஏதோ விவரம் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"எப்போ பார்த்தீங்க?"

"நீ மாட்டின உடனே."

"வேகன் கொட்டகைக்குள்ள நிக்கும்போதா?"

"ஆமா."

அவன் கருகிய புருவத்தைத் தடவிக்கொண்டான்.

"அப்போ மாத்திப் போட ரெண்டு நிமிஷ வேலைதானே இருந்துச்சு" என்றான்.

டல்ஸி ரொட்டி டப்பாவை மூடி லாரியின் முன்சீட்டில் வைத்துவிட்டு, அண்ணனோடு அவன் வீட்டுப் பக்கம் நடந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நோஸ்கி தொப்பியைப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் சாக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். நான் நுன்ஸியோ என்னை அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன், இரண்டு பேருக்கும் சரியாகிப் போயிருக்கும். அவன் என்னைத் தாண்டிப் போய், வேலியோரம் இன்னும் புகைந்துகொண்டிருந்த ஒரு கம்பத்தின்மேல் மிச்சத் தண்ணீரை ஊற்றினான். ஒரு அடிகூட அடிக்காமல் ஒருவனால் இப்படிப் போக முடிகிறதே என்று, அந்தக் கரிக்காட்டின் நடுவே நின்றுகொண்டும் எனக்கு அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.